சூட்டில் ஒன்று, ஆறினால் வேறொன்று: விமான இன்ஜினுக்கான லேசான உலோகத்தை எப்படிச் சோதிக்கிறார்கள்?

2019 நவம்பர் நினைவிருக்கிறதா? இண்டிகோவின் 97 ஏ320நியோ விமானங்களிலும் பிராட் அண்ட் விட்னி இன்ஜின்களை மாற்றச் சொல்லி டிஜிசிஏ கெடு வைத்தது. இன்ஜினின் பின்பகுதியில் சுற்றும் குறையழுத்த டர்பைன் பிளேடுகள் உடைந்ததுதான் காரணம். சிக்கலான மூன்றாவது வரிசை பிளேடுகள் டைட்டானியம் அலுமினைடு என்ற கலவையால் ஆனவை. மாற்றாக வந்தது பழைய நிக்கல் கலவை. கனம்தான், ஆனா அடி தாங்கும்.

அப்போ டைட்டானியம் அலுமினைடு எதற்கு? எடைதான் விஷயம். அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 4 கிராம். நிக்கல் கலவைக்கு 8 கிராமுக்கு மேல். பிளேடு லேசானால் அதைப் பிடித்திருக்கும் டிஸ்க்கையும் மெலிதாக்கலாம், எரிபொருள் மிச்சமாகும். ஏர் இந்தியாவின் போயிங் 787-இல் நீங்கள் பறந்திருந்தால், அதன் ஜிஇஎன்எக்ஸ் இன்ஜினில் கடைசி இரண்டு வரிசை டர்பைன் பிளேடுகள் இதே குடும்பம்தான்.

குறை என்னன்னா, இது வளைவதற்கு முன்பே விரிசல் விட்டுவிடும். அதனால் அடித்து வடிவமைப்பதும் கஷ்டம். இதற்கு ஒரு வழி உண்டு. நியோபியம், மாலிப்டினம் கொஞ்சம் சேர்த்தால், கடும் சூட்டில் 'பீட்டா' என்ற மென்மையான அணு அமைப்பு உருவாகும்; உலோகம் இளகிக் கொடுக்கும். ஆனால் ஆறும்போது பீட்டாவில் டைட்டானியமும் அலுமினியமும் ஆளுக்கொரு இடம் பிடித்து வரிசையாக நின்றுவிடும். வரிசை வந்தால் முறியும் குணமும் வரும். எனவே பட்டறைச் சூட்டில் பீட்டா வேண்டும், பறக்கும்போது முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும்.

எந்தச் சூட்டில் எவ்வளவு பீட்டா? ஆறிய துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் முழு பதில் கிடைக்காது. உள்ளே எல்லாம் மாறியிருக்கும். ஆறிப்போன தோசையைப் பார்த்து, ஊற்றும்போது கல் எவ்வளவு சூடாக இருந்தது என்று சொல்கிற மாதிரி.

அதனால் சூடாக இருக்கும்போதே உள்ளே பார்க்கிறார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் உள்ள பெட்ரா-3 போன்ற சின்க்ரோட்ரான்களின் எக்ஸ்-ரே, ஆஸ்பத்திரி எக்ஸ்-ரேயைவிடப் பல மடங்கு பிரகாசமானது. உலையில் தகிக்கும் உலோகத்தையும் ஊடுருவி, அணு அடுக்குகளில் பட்டுச் சிதறும். அந்தச் சிதறல் கோலத்தைச் சில விநாடிகளுக்கு ஒன்றாகப் பதிவு செய்தால், எந்த அமைப்பு எப்போது கரைகிறது என்பது தெரியும்.

நியூட்ரான் எதற்கு? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். எக்ஸ்-ரே எலக்ட்ரான்களில் சிதறும், நியூட்ரான் அணுக்கருவில். நியூட்ரானைப் பொறுத்தவரை அலுமினியம் பிளஸ், டைட்டானியம் மைனஸ். அளவு கிட்டத்தட்ட சமம். இரண்டும் ஏறக்குறையப் பாதிப் பாதி கலந்திருக்கும்போது வழக்கமான சிக்னல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மங்கிவிடும். மிஞ்சுவது அணுக்கள் வரிசையாக நிற்பதால் வரும் சிக்னல் மட்டும். முறியும் குணத்தைக் கொண்டுவரும் அந்த வரிசை எந்தச் சூட்டில் குலைகிறது என்பதை இதில் தெளிவாகப் பிடிக்கலாம். மியூனிக் அருகே கார்ஷிங்கில் உள்ள எஃப்ஆர்எம்-2 ஆய்வு உலையில் இப்படி அளந்திருக்கிறார்கள். வேகத்தில் மட்டும் நியூட்ரான் எக்ஸ்-ரேக்குப் பின்னால்தான்.

இந்தியாவிலும் இரண்டு வசதிகளும் உண்டு: இந்தூரில் இண்டஸ்-2 சின்க்ரோட்ரான், மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் துருவா உலை.

கலவையில் எதை எவ்வளவு சேர்ப்பது, எந்தச் சூட்டில் அடிப்பது என்பதையெல்லாம் இந்த அளவீடுகளை வைத்து முடிவு செய்யலாம். ஆனால் பறக்கும்போது ஒரு உலோகத் துண்டு வந்து மோதினால் பிளேடு தாங்குமா என்பதற்கு இவை மட்டும் போதாது. அதற்குப் பிளேடை அடித்துத்தான் பார்க்கணும்.