குழாய் வறண்டால் யாரிடம் சொல்வது?

வல்லத்திலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்த குடும்பம் ஒன்றைக் காணச் சென்றிருந்தோம். பன்னிரண்டு வீடுகள் கொண்ட மாடிக் கட்டடம். மூன்று நாள்களாகக் குழாயில் நீர் இல்லை. வயது முதிர்ந்த பாட்டியார் ஒருவர், படிக்கு ஒருமுறை குடத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்கியவாறு மேலே ஏறிக்கொண்டிருந்தார்.

"யாரிடமாவது முறையிட்டீர்களா?" என்று கேட்டோம்.

"எதிர்வீட்டார் சொல்லியிருப்பார்கள், ஐயா" என்றனர். எதிர்வீட்டாரோ, கீழ்வீட்டார் சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிட்டனர். உண்மையில் ஒருவரும் சொல்லவில்லை! இறுதியில் பிளம்பர் வந்து பார்த்தார். நிலத்தடித் தொட்டி நிறைய நீர் இருந்தது. மோட்டாரும் ஓடியது. குழாயின் அடியிலிருந்த புட்வால்வு பழுதானதால் நீர் மேலேறவில்லை. ஒரு மணி நேர வேலைக்காகப் பன்னிரண்டு குடும்பங்கள் மூன்று நாள் தவித்திருக்கின்றன.

ஊரில் கைப்பம்பு பழுதானால் ஊரே அறியும்; அன்றே ஊராட்சித் தலைவரின் வாசலில் நாலு பேர் நிற்பர். நகரத்து மாடிவீட்டிலோ அவரவர் கதவு அவரவர்க்கு. ஆகவே பிள்ளைகளை நகரத்தில் குடிவைத்துள்ள பெற்றோரும், அங்கே குடியிருப்போரும் சில செய்திகளை அறிந்திருத்தல் நலம்.

பழுது எங்கே?

முதலில் நிலத்தடித் தொட்டியைத் திறந்து பாருங்கள். அது வறண்டிருந்தால், நீர் வெளியிலிருந்தே வரவில்லை என்பது பொருள். தொட்டி நிறைந்திருந்து மாடித் தொட்டி காலியாக இருந்தால், குறை மோட்டாரிலோ வால்விலோ மின்சாரத்திலோ இருக்கும். இரண்டும் நிறைந்திருந்தும் நம் குழாய் மட்டும் வறண்டிருந்தால், பழுது நம் வீட்டுக் குழாயிலேயே உள்ளது. நீரில் துர்நாற்றமோ நிறமாற்றமோ தெரிந்தால், கழிவுநீர் கலந்திருக்கக் கூடும். அந்நீரைப் பருகாமல், அண்டை வீட்டாரையும் உடனே எச்சரிக்க வேண்டும்.

வெளியிலிருந்து வரும் நீரைப் பற்றிய குறையைச் சென்னைக் குடிநீர் வாரியத்தின் 044-45674567 என்ற எண்ணிலோ, 1916 என்ற எண்ணிலோ தெரிவிக்கலாம். என்று முதல், எத்தனை வீடுகளுக்கு, எத்தகைய குறை என்று தெளிவாகச் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு நாளுடன் குறித்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்குள் உள்ள குறையைக் குடியிருப்போர் சங்கத்துக்கோ உரிமையாளருக்கோ எழுத்து மூலம் அறிவியுங்கள். வாய்ச்சொல் மறந்துபோகும்; கடிதம் நிற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழகத்தின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. குடியிருப்பவருக்குரிய தண்ணீர் முதலிய இன்றியமையாத வசதிகளை உரிமையாளர் நிறுத்தி வைத்தல் அச்சட்டப்படி ஆகாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். பழுதடைந்த நீர்க்குழாய்களை மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு. குழாயின் வாஷரை மாற்றுவதும், கீசரைச் செப்பனிடுவதும் குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருக்கலாம். ஆதலால் கையொப்பமிடுமுன் படித்துப் பாருங்கள்.

வெந்நீரைப் பொறுத்தவரை நியூயார்க் நகரத்தின் வழி வேறு. அங்கே ஆண்டின் 365 நாளும், இரவும் பகலும், 120 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையாத வெந்நீர் தருவது கட்டட உரிமையாளரின் கடமை. தராவிடில் குடியிருப்போர் 311 என்ற எண்ணில் முறையிடுவர். நகர ஆய்வாளர் வந்து பார்ப்பார். நம்மிடம் அத்தகைய விதி இல்லை. ஆகவே நம் பாதுகாப்பு நம் கையில்தான். கீசரைத் தொட்டாலோ, குழாயைத் திறந்தாலோ மின்னதிர்ச்சி தெரிந்தால், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மின்பணியாளரை அழையுங்கள். காற்றோட்டமற்ற குளியலறையில் எரிவாயுக் கீசர் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. குளிப்பவர் அறியாமலே மயங்கி உயிரிழக்க நேரும்.

சொல்வதும் கடமையே

2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் குடிநீருடன் முதல் இரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அத்தனை பாடுபட்டுக் கொணரும் நீர், நம் கட்டடத் தொட்டியிலிருந்து வழிந்து வீணானாலும், கீழேயே தேங்கி மேலேறாமற் போனாலும், நாம் வாளாவிருக்கலாமா?

முறையிடுவது சண்டையன்று. பணிவோடும் தெளிவோடும் சொல்லப்பட்ட ஒரு சொல், மேல்மாடியில் தனித்திருக்கும் முதியவருக்கும், கைக்குழந்தையோடு இருக்கும் தாய்க்கும் நாம் செய்யும் உதவி. "வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்" என்று எண்ணும்போதெல்லாம், படியில் குடத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்கிய அந்தப் பாட்டியாரை நினைத்துக்கொள்வோம். முதலில் சொல்பவர் நாமாகவே இருப்போம்.