வாஷிங் மெஷினை இடம் மாற்றும்போது

ஃபிரன்ட் லோட் வாஷிங் மெஷின் பொதுவாக 60 முதல் 80 கிலோ வரை இருக்கும். டாப் லோட் வகை ஏறக்குறைய அதில் பாதி; இரட்டைத் தொட்டி கொண்ட செமி ஆட்டோமேட்டிக் இன்னும் லேசு. ஃபிரன்ட் லோட் மெஷினின் எடையில் கணிசமான பங்கு, உள்ளே தொட்டியோடு பூட்டப்பட்ட கான்கிரீட் அல்லது வார்ப்பிரும்புக் கட்டிகளுடையது. பிழியும்போது டிரம் நிமிடத்துக்கு 1000 முதல் 1400 முறை சுழலும். ஈரத்துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டாலும் மெஷின் துள்ளாமல் இருக்கவே இந்தக் கட்டிகள். தொட்டியும் வெளிப்பெட்டியோடு இறுக்கப்பட்டதல்ல. மேலே ஸ்பிரிங்குகளில் தொங்க, கீழே ஷாக் அப்சார்பர்கள் அதைத் தாங்குகின்றன. ஓடும்போது அதிர்வை அடக்கும் இந்த அமைப்புதான் தூக்கும்போது தொல்லை தருகிறது: சாய்த்தால் தொட்டி ஆடி இடிக்கும், ஸ்பிரிங் நழுவும்.

அதைத் தடுப்பவை டிரான்சிட் போல்ட்டுகள். மெஷின் புதிதாக வரும்போது பின்பக்கத்திலிருந்து கழற்றப்படும் மூன்று நான்கு நீண்ட போல்ட்டுகள் இவை. அதே அறையில் ஓரிரு அடி நகர்த்த இவை தேவையில்லை. மாடிப்படி ஏற்றவோ இறக்கவோ வேண்டுமானால், துளைகளில் உள்ள பிளாஸ்டிக் மூடிகளை எடுத்துவிட்டு இவற்றை மீண்டும் முடுக்க வேண்டும். டாப் லோட் மெஷின்களில் பெரும்பாலும் போல்ட் கிடையாது. தொட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் இடையிலுள்ள இடைவெளியில் பழைய போர்வையைச் செருகினால் ஆட்டம் குறையும்.

அடுத்தது தண்ணீர். தண்ணீர்க் குழாயை அடைத்து, பிளக்கை எடுத்த பிறகே இன்லெட் ஹோஸைக் கழற்ற வேண்டும். ஃபிரன்ட் லோட் மெஷினில் கழுவி முடித்த பின்னும் பம்பில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருக்கும். முன்பக்கம் கீழே உள்ள ஃபில்டரைத் திறந்து, தட்டையான பாத்திரத்தில் அதை வடித்துவிட வேண்டும். வடிக்காமல் படுக்க வைத்தால் தண்ணீர் மோட்டாரிலும் சர்க்யூட் போர்டிலும் இறங்கலாம். மெஷினை நிமிர்ந்த நிலையிலேயே கொண்டுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தூக்குவதற்கு முன் வழியை அளந்துகொள்வது நல்லது. பெரும்பாலான ஃபிரன்ட் லோட் மெஷின்களின் அகலம் 60 சென்டிமீட்டர். குளியலறைக் கதவு இரண்டரை அடி இருந்தாலும் நிலையும் கதவின் தடிமனும் கொஞ்சம் இடத்தை விழுங்கிவிடும். டைல்ஸ் தரையில் இரண்டு பேர் மெஷினை லேசாகச் சாய்த்து, அடியில் மடித்த சாக்கையோ போர்வையையோ நுழைத்து இழுத்தால் தரையில் கீறல் விழாது. கதவு, சோப்புத்தூள் தட்டு, மேல்மூடி ஆகியவற்றைப் பிடித்து இழுத்தால் அவை உடைந்துவிடும். அடிப்பாகத்தைப் பிடிப்பதே சரி. படியில் எடை பெரும்பாலும் கீழே நிற்பவர் மேல் சரியும் என்பதால் வலுவானவர் அங்கே நிற்க வேண்டும். இரு சக்கரத் தள்ளுவண்டியில் பட்டையால் கட்டி, படிப்படியாக நகர்த்துவது இன்னும் பாதுகாப்பானது. கையால் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி எழ வேண்டும்.

புதிய இடத்தில் மூன்று வசதிகள் வேண்டும். முதலாவது மின்சாரம். தண்ணீரைச் சூடாக்கும் மெஷின் சுமார் 2000 வாட் இழுக்கும். 6 ஆம்ப் பிளக் பாயின்ட் தாங்குவது 1400 வாட்டுக்கும் குறைவு. எனவே எர்த் உள்ள 16 ஆம்ப் பாயின்ட் அவசியம். எக்ஸ்டென்ஷன் கார்டு ஆகாது. இரண்டாவது நீரழுத்தம். மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே உள்ள மேல்தளத்தில் அழுத்தம் குறைவு. அங்கே மெஷின் நிரம்ப நேரமாகும். மூன்றாவது வடிகால். பம்ப் உள்ள ஃபிரன்ட் லோட் மெஷினின் வடிகால் ஹோஸ் இரண்டு மூன்று அடி உயரத்தில் நிற்க வேண்டும். தரையில் கிடந்தால் துவைக்கும்போதே தண்ணீர் தானாக வடிந்துவிடும். பம்ப் இல்லாத செமி ஆட்டோமேட்டிக்கில் இதற்கு நேர்மாறு: ஹோஸ் தரையோடு தாழ்ந்திருந்தால்தான் தண்ணீர் வெளியேறும்.

வைத்த பிறகு டிரான்சிட் போல்ட்டுகளை மறக்காமல் கழற்ற வேண்டும். அவற்றோடு ஓட்டினால் மெஷின் கடுமையாக அதிர்ந்து இடம்விட்டு நகரும், பாகங்களும் சேதமாகும். மேலே ரசமட்டம் வைத்துப் பார்த்து, கால்களைத் திருகிச் சமப்படுத்தி, பூட்டு நட்டுகளை இறுக்க வேண்டும். மூலையில் அழுத்தினால் ஆடக் கூடாது. பிறகு துணி போடாமல் ஒருமுறை ஓட்டி, ஹோஸ் இணைப்புகளில் கசிவு இல்லை, பிழியும்போது அதிகச் சத்தம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டால் மெஷின் வழக்கமான சலவைக்குத் தயார்.