சுருள்முடிக்கு வேண்டியது நீரும் பொறுமையும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் குழந்தைகள் பிரிவில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி மூன்று வாரங்கள் தங்கியிருந்தாள். தாய் ஈழத்தமிழர், தந்தை கரீபியத் தீவொன்றைச் சேர்ந்தவர். நேரம் தவறாமல் மருந்து கொடுத்த தாதியராகிய நாங்கள், அவளுடைய தலைமுடியைப் பேணத் தவறினோம். தலையணையில் உராய்ந்து உராய்ந்து, பின்தலை முடி கம்பளிபோல் திரண்டுவிட்டது. வீடு திரும்பும் நாளில் கத்தரிக்கோலைத் தவிர வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை. "முடிதானே, வளர்ந்துவிடும்" என்று ஆறுதல் சொன்னோம். சிறுமியோ கண்ணாடியைப் பார்க்க மறுத்தாள்.

அந்த முடியை வெட்டியிருக்க வேண்டியதில்லை என்பதைப் பின்னரே அறிந்தோம். ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் தமிழரும் கரீபிய மக்களும் நெடுங்காலமாக அயலவராய் வாழ்கின்றனர். இரு மரபுகளும் கலந்த குழந்தைகள் நம் குடும்பங்களிலும் வளர்கின்றனர். அவர்களுக்காக நாங்கள் கற்றவற்றை இங்கே பகிர்கிறோம்.

முடியின் இயல்பு

முடி நேராக வளர்வதும் சுருண்டு வளர்வதும் தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலின் வடிவைப் பொறுத்தது. பிறந்தபோது மென்மையாகவும் நேராகவும் இருந்த முடி, முதல் சில ஆண்டுகளில் சுருளத் தொடங்குவதும் இயல்பே. முப்பத்தொன்றாம் நாள் மொட்டையடித்தால் முடி நேராகிவிடும் என்று சில பாட்டிமார் நம்புகின்றனர். மழித்தல் தோலுக்கு மேலுள்ள முடியை மட்டுமே நீக்கும், மயிர்க்காலை மாற்றாது.

உச்சந்தலையில் சுரக்கும் இயற்கை எண்ணெய் நேரான முடியில் எளிதாக இறங்கும். சுருள்களில் நுனிவரை செல்வது கடினம். ஆகவே சுருள்முடி விரைவில் வறள்கிறது. ஒவ்வொரு வளைவிலும் முறியக்கூடியதாகவும் இருக்கிறது. கனடாவின் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் உலர்ந்த காற்று இவ்வறட்சியை மேலும் கூட்டுகிறது.

முழுகும் நாள்

நம் வீடுகளில் பழகிய மூன்று வழக்கங்கள் இம்முடிக்குப் பொருந்துவதில்லை. உலர்ந்த முடியை வாருதல், நெருக்கமான பல்லுள்ள சீப்பைப் பயன்படுத்துதல், முடியை இழுத்து இறுக்கிப் பின்னுதல் ஆகியவையே அவை.

வாரத்துக்கு ஒருமுறை முழுக வைப்பது பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதுமானது. முதலில் முடியை நான்கு அல்லது ஆறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மென்மையான ஷாம்பூவை உச்சந்தலையில் மட்டும் விரல் நுனிகளால் தேய்த்து அலசுங்கள். பின்னர் கண்டிஷனரைத் தாராளமாக நுனிவரை தடவுங்கள். கண்டிஷனர் முடியிலேயே இருக்க, முதலில் விரல்களாலும் அடுத்து அகன்ற பல்லுள்ள சீப்பாலும் சிக்கெடுங்கள். நுனியில் தொடங்கி, சிறிது சிறிதாக மேலேறி, வேருக்கு வாருங்கள். வேரிலிருந்து கீழே இழுத்தால் எல்லாச் சிக்கும் ஓரிடத்தில் சேர்ந்து இறுகிவிடும். சிக்கெடுக்கும் இடத்துக்குச் சற்று மேலே முடியை மறு கையால் பற்றிக்கொண்டால் குழந்தைக்கு வலி குறையும்.

அலசிய பின் துவாயால் தேய்க்காமல், பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் காயுமுன் முடியில் விட்டுவைக்கும் கண்டிஷனரைப் பூசி, அதன்மேல் சில துளி எண்ணெய் தடவுங்கள். தேங்காயெண்ணெயை ஒதுக்க வேண்டியதில்லை. அது முடிக்குள் ஊடுருவி, முழுகும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கும். ஆயினும் எண்ணெய் நீரைத் தராது. உள்ள நீரைக் காக்கவே உதவும். வறண்ட முடியில் நாள்தோறும் எண்ணெய் வைப்பதால் வறட்சி நீங்காது. உச்சந்தலையில் செதிலும் அரிப்பும் இருப்பின் எண்ணெய் அவற்றை மிகுதியாக்கவும் கூடும்.

இடைப்பட்ட நாள்களில் சிறிது நீரைத் தெளித்து, சுருள்களை விரல்களால் ஒழுங்குபடுத்தினால் போதும்.

பின்னலும் உறக்கமும்

தளர்வான பின்னல்கள் முடியைச் சிக்கிலிருந்து காக்கும். ஆனால் எந்தப் பின்னலும் வலிக்கக் கூடாது. பின்னிய பின் குழந்தை தலைவலி என்றாலோ, நெற்றியோரத்தில் சிறு பருக்கள் எழுந்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். இடைவிடாத இழுப்பினால் நெற்றியோரமும் காதோரமும் முடியிழக்கும். தொடக்கத்தில் நிறுத்தினால் முடி மீண்டும் வளரும்; பல ஆண்டுகள் தொடர்ந்தால் இழப்பு நிலைத்துவிடலாம்.

பருத்தித் தலையணை உறையை விடச் சாட்டின் உறையில் உராய்வு குறைவு. கம்பளித் தொப்பிக்குள்ளும் சாட்டின் துணியைத் தைத்துக்கொள்ளலாம். முடியை நேராக்கும் இரசாயனக் கலவைகள் உச்சந்தலையைச் சுட்டுப் புண்ணாக்கக்கூடியவை. குழந்தைகளுக்கு அவை வேண்டாம்.

எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்?

வட்டமாக முடி உதிர்தல், செதில், முறிந்த முடிகள் கரும்புள்ளிகளாகத் தெரிதல் ஆகியவை தலைப்படைக்கு அறிகுறிகளாகலாம். இது பூஞ்சைத் தொற்று. எண்ணெயாலோ வறட்சிக்கான களிம்பாலோ தீராது. பல வாரங்கள் உட்கொள்ளும் மருந்து தேவைப்படும். அதுவரை சீப்பையும் தொப்பியையும் பிறருடன் பகிர வேண்டாம்.

மருத்துவமனைக்கு வரும்போது

எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் உலோகக் கிளிப்புகளையும் உலோகம் கலந்த மணிகளையும் நீக்க வேண்டும். மூளை மின்னலைப் பதிவான ஈ.ஈ.ஜி.க்கு முடி எண்ணெயும் கண்டிஷனரும் இன்றித் தூய்மையாக இருக்க வேண்டும். மின்முனைகள் தோலைத் தொட வேண்டியிருப்பதால், பின்னலை அவிழ்க்க வேண்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். மணிக்கணக்கில் உழைத்துப் பின்னிய முடியைப் பரிசோதனை அறையில் அவசரமாக அவிழ்ப்பது எவருக்கும் நல்லதன்று.

நீண்ட நாள் தங்குவதாயின் குழந்தையின் சீப்பு, கண்டிஷனர், சாட்டின் உறை ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். உங்கள் முறையைத் தாதியரிடம் சொல்லுங்கள். அது மிகையான கோரிக்கை அன்று. பராமரிப்பின் ஒரு பகுதியே. முடி திரண்டுவிட்டால், கத்தரிக்கோலை எடுக்குமுன் கண்டிஷனரும் நேரமும் கேளுங்கள். பெரும்பாலான சிக்குகள் பல மணி நேரப் பொறுமைக்கு இணங்கும்.

இறுதியாக ஒன்று. "என்ன முடி இது, அடங்கவே மாட்டேன் என்கிறதே" என்று நாம் அலுத்துக்கொள்ளும்போது, தன்னிடமே ஏதோ குறை உண்டென்று குழந்தை எண்ணிக்கொள்கிறது. அம்மம்மாவின் மடியில் கதை கேட்டபடி சிக்கெடுத்துக்கொள்ளும் குழந்தைக்கு அந்த எண்ணம் வருவதில்லை. தந்தைவழி உறவினரிடம் பின்னக் கற்றுக்கொள்ளுங்கள். அவர்களுடைய கைகளுக்கு இம்முடி தலைமுறைகளாய்ப் பழக்கமானது.

இப்போது எங்கள் பிரிவின் அலுமாரியில் அகன்ற பல் சீப்புகளும் சாட்டின் உறைகளும் இருக்கின்றன. தயங்காமல் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.