மருந்து கலந்த நீரும் குட்டை மீனும்

"வயல் மருந்து குட்டையில் கலந்துவிட்டது. மீனைச் சில நாள் நல்ல நீரில் விட்டால் விஷம் போய்விடுமா?" நீடாமங்கலம் பகுதி விவசாயிகள் கேட்கும் கேள்வி இது. மூணாறு தலைப்பில் பிரியும் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாற்றுத் தண்ணீர் வயலில் பாய்ந்து, வடிந்து, கடைசியில் குட்டைக்குத்தான் போகிறது. கெண்டையும் விராலும் வளர்வதும் அதே தண்ணீரில்தான்.

மீன் செத்து மிதந்தால் கண்ணுக்குத் தெரியும். சாகாமல் வரும் கெடுதல் தெரியாது. சில இரசாயனங்கள் உடலில் சுரக்கும் ஹார்மோனைப் போல வேலை செய்யும். சில, ஹார்மோனின் வேலையைத் தடுக்கும். பெண் ஹார்மோனை ஒத்த பொருள் சேர்ந்தால், முட்டைக்கரு உண்டாக்கும் புரதம் ஆண் மீனின் உடலிலும் ஊறும். இனப்பெருக்கம் குன்றும்.

ஈரல் செய்யும் வேலை

எண்ணெய் தேய்த்த தலையை வெறும் நீரால் அலச முடியாது, சீயக்காய் வேண்டும். இந்த இரசாயனங்களும் பெரும்பாலும் கொழுப்பில் கரைபவை. மீனின் ஈரல் இவற்றை உருமாற்றி, குளுகுரானிக் அமிலத்தைச் சேர்த்து நீரில் கரையச் செய்கிறது. பிறகு பித்தநீரோடு குடல் வழியாகவும், சிறுநீரிலும் இவை வெளியேறும். குடலில் ஒரு பகுதி மீண்டும் உறிஞ்சப்படுவதும் உண்டு.

சலவைப் பொருள்களிலிருந்தும் சில மருந்துக் கலவைகளிலிருந்தும் உண்டாகும் நோனைல்பினால் இப்படி வெளியேறக்கூடியது. காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி நீரில் இவ்வகைப் பொருள்கள் இருப்பதை 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. நீர் சுத்தமானால் மீன் இதைச் சில நாட்களில் பெரும்பாலும் கழித்துவிடும்.

வெளியேறாத விஷம்

எல்லாம் அப்படிப் போவதில்லை. எண்டோசல்பான் மீனின் உடலில் எண்டோசல்பான் சல்பேட்டாக மாறுகிறது. இதுவும் நஞ்சே, நீடித்தும் நிற்கும். உச்ச நீதிமன்றம் 2011 மே 13-இல் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது. டி.டி.டி. உடலில் டி.டி.இ. ஆகிறது. இது ஆண் ஹார்மோனைத் தடுக்கும். கொழுப்பில் மாதக்கணக்கில் தங்கும். விவசாயத்தில் டி.டி.டி. 1989-இல் தடை செய்யப்பட்டாலும், குளத்துச் சேற்றில் பல ஆண்டுகள் கிடக்கக்கூடியது.

ஆகவே, நல்ல நீரில் விடுவது எல்லா விஷத்துக்கும் பரிகாரம் ஆகாது. குட்டையில் கலக்காமல் தடுப்பதே வழி.

செய்ய வேண்டியவை

1. பூச்சிச் சேதம் பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால் மட்டுமே மருந்தடிக்கவும். மழை வரும்போல் இருந்தால் தள்ளிப்போடவும்.

2. மருந்தடிக்குமுன் மடையை அடைக்கவும். அடித்தவுடன் நீரை வடிக்க வேண்டாம்.

3. தெளிப்பானை வாய்க்காலிலோ குட்டையிலோ கழுவாதீர்கள். கழுவிய நீரை மருந்தடித்த வயலிலேயே தெளித்துவிடுங்கள்.

4. செத்து மிதக்கும் மீனை உண்ணவோ விற்கவோ கூடாது. மற்ற மீனிலும் குடல், ஈரல், பித்தப்பை, வயிற்றுக் கொழுப்பை நீக்கியே சமைக்கவும். சதையில் ஏறியது இதனால் போகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

மேலும் விவரம் வேண்டுவோர் நீடாமங்கலம் வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகலாம்.