தீர்வை இல்லை, தடை உண்டு

வெளிநாட்டு எல்லையில் மரக்கறியை மறிக்கத் தீர்வை எதுவும் தேவையில்லை. சான்றிதழில் ஒரு வரி விடுபட்டால் போதும். தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையத்தில் வாங்கி மாலைதீவுக்கோ மத்திய கிழக்குக்கோ ஐரோப்பாவுக்கோ அனுப்புவோரும், அவர்களுக்கு விளைவித்துக் கொடுக்கும் விவசாயிகளும் இதை அறிந்திருப்பது நல்லது.

எவை தடைகள்?

சுங்கத் தீர்வை அல்லாத எல்லாக் கட்டுப்பாடுகளும் இதில் அடங்கும்: பூச்சி, நச்சு எச்சம் தொடர்பான விதிகள், பரிசோதனைத் தாமதம், இறக்குமதி உரிமம், திடீர் ஏற்றுமதித் தடை. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது இலங்கைச் சந்தையில் பெரிய வெங்காய விலை ஏறியது. 2024 ஏப்ரலில், அரசுகள் பேசிய பின்னர், இலங்கைக்கு 10,000 தொன் அனுப்ப இந்தியா அனுமதி தந்தது. பொதுத் தடை மே மாதம்தான் நீங்கியது.

எல்லாத் தடையும் அநீதி அல்ல. மாங்காயின் தோலில் பழ ஈ முட்டையிட்ட துளை ஊசிமுனை அளவே இருக்கும். பழுத்து அறுத்தால்தான் உள்ளே புழு தெரியும். அதனால்தான் 2019 செப்டெம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியம் மாம்பழத்துக்குப் பழ ஈ தொடர்பான கூடுதல் உறுதிமொழியைச் சான்றிதழில் கேட்கிறது. காரணத்தை விளக்காமல் இழுத்தடிப்பதும், அறிவியல் ஆதாரமின்றி மறுப்பதுமே கேள்வி கேட்கவேண்டியவை.

உரிமைகள் என்ன?

தாவர சுகாதார விதிகள் அறிவியல் ஆதாரத்தின்மீது நிற்க வேண்டும் என்கிறது உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கை. 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கை, அழுகும் பொருட்களின் பரிசோதனைக்கு உரிய முன்னுரிமை தரச் சொல்கிறது. விடுவிப்பு பெரிதும் தாமதித்தால், எழுத்தில் கேட்பவருக்கு இயன்றவரை காரணம் தெரிவிக்க வேண்டும். பரிசோதனை முடிவு பாதகமானால் இரண்டாம் பரிசோதனை கேட்கலாம்; தருவதா என்பது அந்நாட்டின் முடிவு. இவற்றைக் கேட்க வேண்டியவர் பெரும்பாலும் அங்குள்ள இறக்குமதியாளர். ஆகவே அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

அனுப்புமுன் இறக்குமதி நாட்டின் நிபந்தனையை எழுத்தில் பெறுங்கள். கட்டுநாயக்கவிலுள்ள தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையம் வழங்கும் தாவர சுகாதாரச் சான்றிதழில் தாவரப் பெயர், பெட்டி எண்ணிக்கை, கூடுதல் உறுதிமொழி ஆகியவை அந்த நிபந்தனையோடு பொருந்துகின்றனவா எனச் சரிபாருங்கள். தோட்டத்தில் தெளித்த மருந்தையும் தெளித்த திகதியையும் குறித்து வையுங்கள். பயிர் சார்ந்த ஆலோசனைக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தை அழைக்கலாம்.

சரக்கு மறிக்கப்பட்டால் வாய்மொழி விளக்கத்தோடு திரும்பாதீர்கள். மறுப்புக் கடிதம், பரிசோதனை அறிக்கை, புகைப்படம், சேத மதிப்பு ஆகியவற்றைச் சேர்த்து வர்த்தகத் திணைக்களத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். அரசுக்கு அரசு பேசும் மேசைக்கு உங்கள் கஷ்டம் போய்ச் சேர வழி அதுதான்.

ஆபிரிக்காவில் இந்த வழி சற்றுச் சுருக்கமானது. வணிகரே இணையத்தில் முறைப்பாடு பதிய, அது சம்பந்தப்பட்ட நாடுகளின் பொறுப்பதிகாரிகளிடம் போகிறது. ஆனாலும் அங்கும் தடைகள் ஓயவில்லை. 2025 ஏப்ரலில் தன்சானியா, தன் விளைபொருட்களை மறித்த தென்னாபிரிக்காவுக்கும் மலாவிக்கும் பதில் தடை விதித்து, பேச்சு தொடங்கியதும் சில நாட்களில் விலக்கிக்கொண்டது.

தம்புள்ளையில் இந்திய உதவியுடன் அமைந்த 5,000 தொன் குளிர்களஞ்சியம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அழுகுவதைத் தாமதிக்க அது உதவும். கடுதாசியில் உள்ள பிழையைத் திருத்தாது. ஆபிரிக்காவில் போல இங்கேயும் வணிகர் இணையத்தில் நேரடியாக முறையிடும் ஏற்பாடு ஒன்று வேண்டும். அதுவரை, காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; முறைப்பாட்டையும் எழுத்திலேயே கொடுங்கள்.