டவுனுக்குப் போனா பட்டினி எதற்கு?



பிள்ளைக்கு காலேஜ் பீஸ் கட்டணும், பேங்க்கில் கையெழுத்துப் போடணும் என்று மாதத்தில் ரெண்டு தடவையாவது ராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ போய் வருகிறோம். காலையில் ஒரு டீயோடு பஸ் ஏறினால் வீடு திரும்ப சாயங்காலம் ஆகிவிடும். "மதியம் சாப்பிட்டாச்சா அக்கா?" என்று கேட்டால், "வீட்ல போயி சாப்பிட்டுக்கிடுதேன்" என்பதுதான் பதில். ஆனால் பையைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு கால் கிலோ பால்கோவா இருக்கும்!

காசு மட்டும் காரணம் இல்லை. "ஆம்பளைங்க நடுவுல தனியா உக்காந்து சாப்பிட ஒரு மாதிரியா இருக்கு", "பில் எவ்வளவு வருமோ" என்கிற தயக்கம்தான் பெரிசு. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது 20 பேர் உள்ள குழுவில் பத்துப் பதினோரு பேர். இதில் வெளியூர் போகிற நாளெல்லாம் பட்டினி கிடந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? அதனால் இந்த ரோட்டில் வயிற்றுக்கு இதமாக எங்கே, எதைச் சாப்பிடலாம் என்று பார்ப்போம்.

முதலில் கிருஷ்ணன்கோவில். 1984ல் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி வந்த பிறகு வளர்ந்த ஊர். கல்லூரி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ஹாஸ்டல் பிள்ளைகள் அம்மா கைச் சாப்பாட்டுக்கு ஏங்குவார்கள், அவர்கள் கையில் காசும் அளவாகத்தான் இருக்கும். அதனால் காலேஜ் பக்கத்து மெஸ், இட்லிக் கடைகளில் சாம்பார் சாதம், தயிர் சாதம், ரசம் என்று வீட்டுச் சாப்பாடே நன்றாக ஓடும். கூட்டம் அதிகம் என்பதால் சமைத்தது சீக்கிரம் தீர்ந்துவிடும், பழசு தங்காது. பொம்பளைப் பிள்ளைகள் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற கடை என்றால் நாமும் தைரியமாகப் போய் உட்காரலாம். இந்த ஒரு அடையாளம் போதும் என்பது எங்கள் அனுபவம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் ஊர். ஆண்டாள் கோயிலைச் சுற்றி சைவச் சாப்பாடு தேடினால் கிடைக்கும். காலையில் போனால் இட்லி, பொங்கல் நல்லது. இட்லி மாவு புளிக்கும்போதே அரிசியும் உளுந்தும் பாதி செரித்த பக்குவத்துக்கு வந்துவிடும். ஆவியில் வேகுவதால் எண்ணெயும் இல்லை. பஸ்ஸில் வாந்தி வருகிறவர்களுக்கும் இதுதான் தோது. பால்கோவாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். பாலும் சீனியும் மட்டும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சியது. வீட்டுக்கு வாங்குகிறதில் ஒரு வாய் நாமும் சாப்பிட்டால் குறைந்துவிடாது. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பதிலாக அதைச் சாப்பிட வேண்டாம்.

ராஜபாளையம் மில் ஊர். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக விடியற்காலையிலும் ராத்திரியிலும் கடை உண்டு. ராத்திரி என்றால் பரோட்டா, சால்னாதான். நம்ம மாவட்டத்து எண்ணெய் பரோட்டாவுக்குப் பேர் அதிகம், ருசியும் அதிகம். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிற்றில் அதைப் போட்டால் நெஞ்செரிச்சல் நிச்சயம். வெறும் வயிறாக இருந்தால் ரெண்டு இட்லியோ தோசையோ போதும்.

எந்தக் கடையானாலும் உட்காரும் முன்னே விலைப் பலகையைப் பாருங்கள். இல்லாவிட்டால் "சாப்பாடு எவ்வளவு?" என்று வாய்விட்டுக் கேளுங்கள், அதில் வெட்கம் வேண்டாம். முழுச் சாப்பாடு வேண்டாமென்றால் அளவுச் சாப்பாடோ ஒரு தயிர் சாதமோ கேட்கலாம். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் உள்ள சான்றிதழ் மாட்டியிருக்கிறார்களா, தட்டு கழுவுகிற தண்ணீர் எப்படி இருக்கிறது என்றும் ஒரு பார்வை பாருங்கள். கீரைப் பொரியல் இருந்தால் கேட்டு வாங்குங்கள். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். பார்சல் வாங்குகிறவர்கள் தூக்குவாளி கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரியிலிருந்தே தடை, சூடான சாம்பாருக்கு அந்தப் பை ஆகவும் ஆகாது.

இன்னொரு விஷயம். 2013ல் சென்னையில் அம்மா உணவகம் தொடங்கியபோது அடுப்படியில் நின்றவர்கள் குழுப் பெண்கள்தான். 2022ல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்திலும் சமைக்கிறவர்கள் குழுப் பெண்களே. காலேஜ் பக்கத்தில் இட்லிக் கடை போட்டால் என்ன என்று இரண்டு, மூன்று குழுக்கள் கேட்டிருக்கிறீர்கள். சின்னக் கடையானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தே ஆக வேண்டும். கடன் கேட்கும் முன்னால், அந்த இடத்தில் ஒரு வாரம் காலையும் மாலையும் நின்று எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். செமஸ்டர் லீவில் கடை காற்று வாங்கும், அந்த மாதங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தனியாகப் போகிற பெண்கள் கூச்சமில்லாமல் சாப்பிடக்கூடிய கடை உங்களுக்குத் தெரிந்தால், கடை இருக்கும் இடத்தையும் சாப்பாட்டு விலையையும் எழுதி, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் ஊக்குநரிடம் கொடுத்தனுப்புங்கள்.