மலையுச்சிப் புல்லும் பவானிப் பாசனமும்

நெமிலிச்சேரி ரயில் நிலையத்தைத் தாண்டித்தான் நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவுதோறும் மேட்டுப்பாளையம் செல்கிறது. அதில் உதகைக்குப் போவோர் பூங்காவையும் படகுத் துறையையும் பார்த்துத் திரும்பிவிடுகின்றனர். ஏரிப் பாசனம் அறிந்த உழவர்கள் காண வேண்டியது உதகைக்கு மேற்கே உள்ள முக்கூர்த்திப் புல்வெளியாகும்.

1982ல் சரணாலயமாகவும் 1990ல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். சிகரத்தின் உயரம் 2,554 மீட்டர். சரிவுகளில் புல், பள்ளங்களில் மட்டும் சோலைக்காடு. மார்கழி, தை உறைபனி திறந்த சரிவில் முளைக்கும் மரக்கன்றுகளைக் கருக்கிவிடும். புல்லோ மீண்டும் தூர்விட்டுத் துளிர்க்கும்.

தென்மேற்குப் பருவமழை இப்புல்லின் மேல் விழுந்து வேகம் தணிகிறது. வேர் பின்னிய கறுப்பு மண் நீரை உறிஞ்சி, பள்ளத்துச் சதுப்பு வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுகிறது. மழை நின்ற பிறகும் ஓடையில் நீர் ஓடுவது இதனால்தான். நம் பக்கம் ஏரி செய்யும் வேலையை அங்கே புல் செய்கிறது. கரையும் மதகும்தான் இல்லை.

இப்பகுதியில் தோன்றும் பைக்காரா ஆறு 1932 முதல் மின்சாரம் தருகிறது. பின் மோயாறாக இறங்கிப் பவானிசாகரில் சேர்கிறது. பவானி ஆறு கேரளத்துக்குள் நுழைந்து திரும்பி அதே அணைக்கு வருகிறது. கீழ்பவானித் திட்டத்தின் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் நிலம் இந்த அணையை நம்பியது. பவானி கலந்த காவிரியின் நீர், வீராணம் ஏரி வழியாக 2004 முதல் குழாயில் போரூர் வரை வருகிறது!

இத்தகைய நிலத்தை 'வெறும் புல்' என்று எண்ணி, விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாகச் சீகை மரத்தை நட்டனர். நம் ஏரிகளில் சீமைக் கருவேலம் செய்த வேலையைச் சீகை அங்கே செய்தது. வெட்டினால் தழைக்கும், தீ வைத்தால் மண்ணில் கிடக்கும் விதையெல்லாம் முளைக்கும். இன்று அதை அகற்றிப் புல்லை மீட்கப் பாடுபட வேண்டியுள்ளது.

ஏரிக்கு மேலுள்ள மேய்க்கால் புறம்போக்கைத் தரிசு என்று சொல்வோர் இதைக் கவனிக்க வேண்டும். அங்கு புல் போனால் வண்டல் ஏரிக்குத்தான் வரும்.

பூங்காவுக்குள் செல்ல வனத்துறையின் முன் அனுமதி தேவை. கம்பளி கட்டாயம்; நீலகிரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உண்டு. பாறைகளில் வரையாடு தென்பட்டால் தொலைவிலிருந்தே பார்க்கவும்.